இரண்டு வலிகளுக்கு நடுவில்: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கடலூர் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் மகப்பேறு மருத்துவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 32ஆவது வாரம் நடக்கிறது. மாலை ஆனால் வயிறு கல்லாக இறுகி, அரை நிமிடத்தில் தளர்ந்துவிடுகிறது. "சூட்டு வலிதான்" என்று மாமியார் சீரகத் தண்ணீர் கொடுக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. பிரசவ வலி இப்போதே தொடங்கிவிட்டதா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: மகளே, மாமியார் கொடுப்பதைக் குடி. அதில் சீரகத்தைவிடத் தண்ணீருக்குத்தான் வேலை அதிகம். வெயில் காலத்தில் உடம்பில் நீர் குறைந்தால் கருப்பை அடிக்கடி இறுகும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டு, ஒருக்களித்துப் படு. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் இது பிரசவ வலி அல்ல.

ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1872ஆம் ஆண்டிலேயே இந்த இறுக்கத்தைப் பற்றி எழுதினார். மருத்துவப் புத்தகங்களில் இன்றும் அவர் பெயரால்தான் இது வழங்குகிறது. கருப்பையின் சுவர் பெரும்பாலும் தசை. கர்ப்பத்துக்கு முன் 60, 70 கிராம் எடையுள்ள அந்த உறுப்பு, நிறைமாதத்தில் ஏறத்தாழ 1 கிலோ ஆகிவிடுகிறது. முன்பே இருக்கும் தசை இழைகள் நீண்டு தடிப்பதால்தான் பெரும்பாலும் இந்த வளர்ச்சி. இத்தனை வலுவான தசை ஒன்பது மாதம் அடங்கியிருக்க வேண்டும் என்றால், அதை அடக்கி வைக்க உடம்பு ஒவ்வொரு நாளும் பாடுபட வேண்டும். கர்ப்பம் என்றாலே எல்லோரும் பிரசவ வலியைத்தான் பேசுகிறார்கள். எனக்கோ அந்த ஒன்பது மாத அடக்கம்தான் பெரிய காரியமாகத் தெரிகிறது.

அடக்கி வைப்பதில் முதல் பங்கு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கு உண்டு. முதல் சில வாரங்கள் சினைப்பை அதைச் சுரக்கிறது. எட்டு, பத்து வாரங்களுக்குள் நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. இந்த ஹார்மோன் ஓங்கி இருக்கும் வரை, கருப்பையின் தசை உயிரணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் இணைப்புகள் மிகக் குறைவாகவே இருக்கும். தேவனாம்பட்டினம் கரையில் கரைவலை இழுப்பவர்களை நீ பார்த்திருக்கலாம். ஆளுக்கொரு நேரத்தில் கயிற்றை இழுத்தால் வலை அசையாது. ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து இழுத்தால்தான் அது கரையேறும். உனக்கு இப்போது வருவது முதல் வகை. அங்கொரு பகுதியும் இங்கொரு பகுதியும் சுருங்குகின்றன. கருப்பை வாயும் இந்தச் சமயத்தில் மூடி, கெட்டியாக இருக்கிறது. அந்த வாய்ப் பகுதியில் தசை குறைவு, நார்த்திசுதான் அதிகம். அது மிருதுவாகிக் குழையும் காலம் பின்னால் வரும்.

உண்மையான வலி வேறு விதமானது. ஒழுங்கான இடைவெளியில் வரும், போகப்போக இடைவெளி குறையும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட வலுக்கும், இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முன்னால் பரவும். படுத்தாலும் நடந்தாலும் நிற்காது. உனக்கு 37 வாரம் முடியும் முன் இப்படி ஒழுங்காக வந்தாலும், தண்ணீர் கசிந்தாலும், இரத்தம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் சீரகத் தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருக்காதே. 108ஐ அழைத்துப் புறப்பட்டுவிடு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல். சிறுநீர்த் தொற்று, குறைமாதத்தில் கருப்பையைத் தூண்டிவிடும் காரணங்களில் ஒன்று.

கேள்வி: செவிலியர் பட்டப்படிப்பு படிக்கிறேன். பிரசவம் எப்போது தொடங்க வேண்டும் என்பதைத் தாயின் உடல் தீர்மானிக்கிறதா, குழந்தை தீர்மானிக்கிறதா? வகுப்பில் கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை.
– மாணவி, புதுச்சேரி

பதில்: தெளிவான பதில் கிடைக்காததற்கு உன் ஆசிரியரைக் குறை சொல்லாதே. மனிதர்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் ஆட்டில் கிடைத்த விடை, மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதைகளில் ஒன்று.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் 1960களில் சினை ஆடுகளை ஆராய்ந்தார். கருவில் இருக்கும் குட்டியின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை அழித்தால், காலம் கடந்தும் ஆடு ஈனவில்லை. குட்டிக்குக் கார்ட்டிசோல் வகை மருந்தைச் செலுத்தினால் முன்கூட்டியே ஈன்றது. பிட்யூட்டரியின் தூண்டுதலால் குட்டியின் அட்ரினல் சுரப்பி முதிர்ந்து கார்ட்டிசோலைச் சுரக்கிறது, அது நஞ்சுக்கொடியில் புரோஜெஸ்டிரோனைக் குறைத்து ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுகிறது, கருப்பை விழித்துக்கொள்கிறது. ஆட்டைப் பொறுத்தவரை நாள் குறிப்பது குட்டிதான்.

இந்த ஆய்வின்போது அவர் எதிர்பாராத ஒன்றைக் கண்டார். அந்த மருந்து பெற்றுக் குறைமாதத்தில் பிறந்த குட்டிகளில் ஒன்று, சாக வேண்டிய வயதில் மூச்சுவிட்டது. நுரையீரல் முன்கூட்டியே பக்குவப்பட்டிருந்தது. ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து, குறைமாத வலி கண்ட பெண்களுக்கு அந்த வகை ஊசியைக் கொடுத்துப் பார்த்து 1972இல் முடிவை வெளியிட்டார். இன்று கடலூரிலும் புதுச்சேரியிலும் குறைமாத வலியோடு வரும் பெண்ணுக்கு நீங்கள் போடும் டெக்சாமெத்தசோன் ஊசி அந்த வழியில் வந்தது. வலியை அடக்க நிஃபெடிபின் மாத்திரை கொடுப்பதும் பெரும்பாலும் இதற்காகத்தான். பிரசவத்தை வாரக்கணக்கில் தள்ளிப்போட அந்த மாத்திரையால் முடியாது. ஊசி வேலை செய்யவும், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயை அனுப்பவும் தேவையான இரண்டு நாள் கிடைத்தால் போதும். அந்த இரண்டு நாளின் மதிப்பை நீ வார்டில் நின்று பார்க்கும்போது உணர்வாய்.

மனிதரில் கணக்கு இன்னும் சிக்கலானது. பிரசவத்துக்கு முன் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குறைவதில்லை. அளவு அப்படியே இருக்க, அதை ஏற்கும் ஏற்பிகளின் தன்மை மாறி, கருப்பை அதன் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது என்பது இன்றைய விளக்கம். நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு ஹார்மோன் கடைசி வாரங்களில் மடமடவென்று ஏறுகிறது. குழந்தை வளர வளரச் சுவர் விரிவதும் ஒரு தூண்டுதல். இரட்டைக் குழந்தைகள் முன்னதாகப் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இவை எல்லாம் கூடிவரும்போது, தசை உயிரணுக்களுக்கு இடையே கனெக்சின்-43 என்ற புரதத்தால் ஆன வாயில்கள் பெருகுகின்றன. கருப்பையைச் சுருக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினுக்குரிய ஏற்பிகளும் பல மடங்கு கூடுகின்றன. தேர்வில் இதை எழுது: நிறைமாதத்தில் பெரிதாக மாறுவது ஆக்ஸிடோசினின் அளவைவிடக் கருப்பையின் உணர்திறன். அதனால்தான் 20ஆவது வாரத்தில் ஆக்ஸிடோசின் மருந்துக்கு அசையாத கருப்பை, 40ஆவது வாரத்தில் அதே மருந்தின் சில துளிகளுக்கே சுருங்குகிறது.

கேள்வி: பலாப்பழமும் பப்பாளியும் சாப்பிட்டால் கருப்பை சுருங்கிவிடும் என்கிறார்களே?
– வாசகி, பண்ருட்டி

பதில்: பண்ருட்டியில் இருந்துகொண்டு பலாவை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மூன்று சுளை சாப்பிடு. சர்க்கரை இருந்தால் மட்டும் உன் மருத்துவரைக் கேட்டுக்கொள். பப்பாளியில் காயையும் செங்காயையும் தவிர்த்துவிடு. அவற்றின் பால் எலியின் கருப்பைத் தசையைச் சுருக்குவது ஆய்வகத்தில் பார்க்கப்பட்டிருக்கிறது. நன்கு பழுத்த பழத்தின் சாறுக்கு அப்படி விளைவு தெரியவில்லை.

கேள்வி: நாள் கடந்துவிட்டால் பேத்திக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா? எங்கள் காலத்தில் கொடுத்தார்கள். திருக்கருகாவூர் கோயில் எண்ணெயும் வீட்டில் இருக்கிறது.
– ஒரு பாட்டி, பாகூர்

பதில்: அம்மா, திருக்கருகாவூர் எண்ணெயை வயிற்றில் தடவத்தானே கொடுக்கிறார்கள், மென்மையாகத் தடவுங்கள். குடிக்க மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் காலத்தவர்கள் கண்டது பொய்யல்ல. விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம், கருப்பையைச் சுருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளுக்கான ஓர் ஏற்பியைத் தட்டிக் குடலையும் கருப்பையையும் சுருக்குகிறது என்று 2012இல் எலிகளில் காட்டினார்கள். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு சுருங்கும் என்று யாராலும் கணிக்க முடியாது, கொடுத்த பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது என்பதுதான் என் அச்சம். வயிற்றுப்போக்கால் களைத்த உடம்போடு பேத்தி பிரசவத்துக்குப் போக வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கு 41 வாரம் ஆகிறது. வலி வரவில்லை. மருந்து வைத்து வலி வரவழைக்கலாம் என்கிறார்கள். "வலி ஊசி போட்டால் குழந்தைக்கு ஆபத்து" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், வில்லியனூர்

பதில்: தம்பி, மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். குறித்த நாளன்றே பிரசவிப்பவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான், ஆகவே அந்தத் தேதி தாண்டியதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நாள் கணக்கு உறுதியாக இருந்து 41 வாரம் ஆகிவிட்டால், வலி வரவழைப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அதற்கு மேல் காத்திருந்தால் வயிற்றுக்குள் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது.

உறவினர்களின் பயத்துக்கும் ஓர் அடிப்படை உண்டு. அதை நான் தள்ளிவிட மாட்டேன். கருப்பை சுருங்கும் ஒவ்வொரு முறையும், அதன் சுவர் வழியே நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது, வலுவான வலியில் சிறிது நேரம் நின்றேகூடப் போகிறது. தசை தளரும்போதுதான் குழந்தைக்கு மறுபடியும் பிராணவாயு நிறைவாகக் கிடைக்கிறது. ஆகவே வலி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கேட்பவர்களிடம், நடுவில் வயிறு நன்றாகத் தளர்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். நல்ல பிரசவ வலி 10 நிமிடத்தில் மூன்று முதல் ஐந்து முறை வரும். ஐந்துக்கு மேல் போனால் அது மிகை. குழந்தை திணறும். முன்பு சிசேரியன் ஆன பெண்ணாக இருந்தால் தையல் போட்ட இடத்தில் கருப்பையே கிழியக்கூடும்.

லண்டனில் ஹென்றி டேல் 1906இல் பிட்யூட்டரிச் சாறு பூனையின் கருப்பையைச் சுருக்குவதைக் கண்டார். அந்தச் சாற்றில் உள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஆய்வகத்திலேயே செய்துகாட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். நம் ஊரில் "வலி ஊசி" என்பது இதுதான். முறையாகக் கொடுத்தால் குளுக்கோஸிலோ உப்பு நீரிலோ கலந்து, சொட்டுச் சொட்டாக, எண்ணி எண்ணி ஏற்றுவார்கள். இரத்தத்தில் அது சில நிமிடங்களே தங்கும் என்பதால், வலி மிகையானால் சொட்டை நிறுத்தி அடக்கலாம். கருப்பை வாய் பக்குவப்படாமல் இருந்தால் முதலில் புரோஸ்டாகிளாண்டின் ஜெல்லோ மாத்திரையோ வைப்பார்கள். அதைச் சொட்டு மருந்துபோல் நினைத்தவுடன் நிறுத்த முடியாது. அதனால் பொறுமை தேவை. ஒரு முழு நாள்கூட ஆகலாம்.

பிரசவத்துக்கு முன் யாராவது வீட்டிலோ சிறிய கிளினிக்கிலோ, கண்காணிக்க ஆள் இல்லாமல், தசையிலோ நரம்பிலோ நேராக வலி ஊசி போட வந்தால் மறுத்துவிடுங்கள். இதில் நான் கடுமையாகவே பேசுகிறேன். பல குடும்பங்கள் "சீக்கிரம் முடியட்டும், ஊசியைக் கூட்டிப் போடுங்கள்" என்று செவிலியரிடம் மன்றாடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் மனைவி கேட்டாலும் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லுங்கள். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையைத் தளர்த்தி வலியை மந்தமாக்கக்கூடும். தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது மருந்துக்கு இணையான உதவி. பிரசவத் துணையாக அவருடைய அம்மாவையோ அக்காவையோ அனுமதிக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் போன வாரம் சுகப்பிரசவம். குழந்தை பிறந்தவுடன் தொடையில் ஊசி போட்டார்கள். பிறகு செவிலியர் வந்து வந்து வயிற்றை அழுத்தினார். மகள் வலியில் கத்தினாள். இப்போது பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு வலிக்கிறது என்கிறாள். எங்கள் வீட்டில் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் தர மாட்டோம். வயிற்றைத் துணியால் கட்டியிருக்கிறோம். சரிதானா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சகோதரி, அந்தச் செவிலியர் உங்கள் மகளின் உயிரைக் காத்திருக்கிறார். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தவுடன் அந்த இரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்தே கிடக்கும். அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தசை இழைகள் இறுகித்தான் அடைக்க வேண்டும். ஒன்பது மாதம் அடங்கியிருந்து, பிரசவத்தில் விட்டுவிட்டுச் சுருங்கிய கருப்பை, இப்போது தளராமல் இறுகியே நிற்க வேண்டும். தளர்ந்தால் சில நிமிடங்களில் தாயை இழந்துவிடலாம். தொடையில் போட்டது 10 யூனிட் ஆக்ஸிடோசின், அதே வலி ஊசிதான். பிரசவத்துக்கு முன் அப்படிப் போட்டால் ஆபத்து, குழந்தை பிறந்த பின் அது காவல். வயிற்றை அழுத்தியது, கருப்பை இறுகி இருக்கிறதா என்று பார்க்கவும், தளர்ந்தால் தேய்த்து இறுக்கவும்தான். செய்யும் முன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறையை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை மார்பில் சப்பும்போது மகளின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரக்கிறது. அது பாலை வெளியே தள்ளுகிறது, கருப்பையையும் இறுக்குகிறது. அந்த வலி இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் இன்னும் கூடுதலாக இருக்கும். சில நாளில் குறைந்துவிடும். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால் போதும். தொப்புள் அருகே இருந்த கருப்பை இரண்டு வாரத்தில் இடுப்புக் கூட்டுக்குள் இறங்கி, ஆறு வாரத்தில் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வரும். துணி கட்டுவதால் அது விரைவாகச் சுருங்காது. மகளுக்கு இதமாக இருந்தால் தளர்வாகக் கட்டுங்கள்.

தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். சிறுநீரை அடக்கி வைக்கவும் விடாதீர்கள். பை நிறைந்திருந்தால் கருப்பை சரியாக இறுகாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தாலும், பெரிய கட்டிகளாக இரத்தம் போனாலும், துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பிரசவம் ஆன மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.