கிருஷ்ணகிரியில் 39 டிகிரி, சென்னையில் 36 டிகிரி: எந்த வெயில் கடுமையானது?

கிருஷ்ணகிரியிலிருந்து வயதான பெற்றோருடன் மே மாதத்தில் சென்னைக்குக் குடிபெயரவிருப்பதாகவும், கைபேசியில் இங்கே 39 டிகிரி, அங்கே 36 டிகிரி என்று காட்டுவதால் அங்கே கோடை சற்றுத் தணிவாக இருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தணிவாக இருக்காது என்பதே என் பதில். நான் தர்மபுரிக்காரன்; சென்னையில் ஆறு ஆண்டுகளையும், சவூதி அரேபியாவின் தம்மாமில் நான்கு கோடைகளையும் கட்டட வேலைத்தளங்களில் கழித்தவன். அந்த அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

முதன்முறை சென்னைக்குப் புறப்பட்டபோது அம்மா ஒரு மண்பானையைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டுத் திண்ணையில் காலையில் நிரப்பி வைக்கும் பானைத் தண்ணீர், கத்திரி வெயில் கொளுத்தும் நடுப்பகலில்கூடத் தொண்டையில் சில்லென்று இறங்கும். அதே வகைப் பானையைச் சென்னை அறையின் சன்னலோரத்தில், நல்ல நிழலில், மணல் பரப்பி வைத்தேன். தண்ணீர் குளிரவே இல்லை. பானையின் வெளிப்புறம் நாள் முழுவதும் ஈரம் கோத்து நின்றதே தவிர, காயவில்லை. பானையில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டு, “பானை நல்ல பானைதான் தம்பி, இந்த ஊர்க் காத்துக்கு அது குளிராது” என்றார். அவர் சொன்னதில்தான் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இருக்கிறது.

பானைத் தண்ணீர் குளிர்வதற்குக் காரணம், சுவரின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதுதான். நம் உடலும் அதே முறையில்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்குகிறது. ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதோடு, அந்தக் காற்றில் இன்னும் எவ்வளவு நீராவிக்கு இடமிருக்கிறது என்பதையும் சேர்த்தே வெயிலை அளக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில் பிற்பகலில் 39 டிகிரியும் ஈரப்பதம் 25 விழுக்காடும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றின் ஒரு கனமீட்டரில் சுமார் 12 கிராம் நீராவி இருக்கும். சென்னையில் 36 டிகிரியும் 60 விழுக்காடும் என்றால் அது சுமார் 25 கிராம், அதாவது இரண்டு மடங்கு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் அது எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். மேற்சொன்ன கிருஷ்ணகிரிக் காற்றில் அது 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கும். சென்னைக் காற்றில் 29 டிகிரியிலேயே நின்றுவிடும். பானைத் தண்ணீர் அதிகபட்சம் எவ்வளவு குளிரலாம் என்பதற்கும் அதுவே எல்லை. வெப்பமானி மூன்று டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில், உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வாய்ப்பு ஐந்து டிகிரி சுருங்கிவிடுகிறது.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்குக் கைபேசியில் கிருஷ்ணகிரியின் ஈரப்பதம் 75 விழுக்காடு என்று காட்டினால் அதைப் புழுக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த விழுக்காடு, அந்த நேரத்து வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. காற்றில் உள்ள நீராவி மாறாமலேயே, வெயில் ஏற ஏற விழுக்காடு சரிந்துவிடும். இரண்டு ஊர்களை ஒப்பிட வேண்டுமானால் பனிநிலை (dew point) என்ற எண்ணைப் பாருங்கள்; காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. அது 24, 25 டிகிரியைத் தாண்டிவிட்டால், வெப்பமானி என்ன சொன்னாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த வேறுபாட்டுக்கு நிலத்தின் அமைப்பே காரணம். தர்மபுரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 470 மீட்டர் உயரத்திலும், ஓசூர் 900 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக 0.65 டிகிரி குறையும் என்பதால்தான் கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி மேடேறி ஓசூர் சேரும்போது காற்றின் தன்மை மாறுவதையும், தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலம் போகும்போது வெக்கை முகத்தில் அடிப்பதையும் பேருந்திலேயே உணர்கிறோம். கிழக்கே சவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை என்று மலைகள் நிற்பதாலும், கடற்கரை வெகுதொலைவில் இருப்பதாலும் பகற்பொழுதின் கடற்காற்று நம்மை வந்தடைவதில்லை. சென்னைக்கோ அந்தக் கடற்காற்றே காவல். முற்பகலிலேயே அது கரையேறிவிட்டால் வெப்பநிலை கட்டுக்குள் நிற்கும், ஆனால் ஈரமும் சேர்ந்தே வரும். மேற்கிலிருந்து வறண்ட நிலக்காற்று பலமாக வீசிக் கடற்காற்றைத் தள்ளிப்போடும் நாள்களில் 40 டிகிரியையும் தாண்டும். 2003 மே 31 அன்று அங்கே 45 டிகிரி பதிவானது.

இரவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் உங்கள் பெற்றோருக்கு அதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். காற்றில் உள்ள நீராவி தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் போர்வை போலத் தடுத்துவிடும். நம் ஊரில் நீராவி குறைவு என்பதால், பகலில் பாறையும் செம்மண்ணும் எவ்வளவு காய்ந்தாலும், நள்ளிரவுக்குப் பிறகு மொட்டை மாடியில் போர்வை தேடும் அளவுக்குக் குளிர்ந்துவிடும். சென்னையில் மே மாத இரவின் குறைந்த வெப்பநிலையே 27, 28 டிகிரி. மின்விசிறிக்குக் கீழேயும் தலையணை நனையும். பகலில் பட்ட பாட்டிலிருந்து உடல் மீள்வதற்கு ஓய்வே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, மே மாதத்தின் கோடை மழை இங்கே மாந்தோப்புகளை நனைத்துச் சூட்டைத் தணித்துவிடும் வேளையில், சென்னையில் ஜூனிலும் வெயில் தொடரும்.

இதே பிரிவினையைச் சவூதியிலும் கண்டேன். உள்நாட்டில் இருக்கும் ரியாத், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், 44, 45 டிகிரியில் உலர்ந்து கொதிக்கும். வளைகுடாக் கரையில் இருக்கும் தம்மாமில் கடல்காற்று திரும்பும் நாள்களில் மூக்குக்கண்ணாடியில் நீர் படிந்து கண் மறைக்கும். தம்மாமை ஒட்டிய தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலையே 35 டிகிரியைத் தொட்டது. அந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. கம்பி கட்டும் தொழிலாளியின் உடலை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், அந்த மூன்று மணி நேரம் எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்பதை நான் அறிவேன்.

இதனால் நம் வறண்ட வெயில் தீங்கற்றது என்று பொருளல்ல. காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாங்காய் பறிக்கப் போன என் சித்தப்பா, வியர்க்கவே இல்லையே என்ற தைரியத்தில் பிற்பகல் வரை மரத்தடியில் வேலை செய்து, தலை சுற்றி விழுந்துவிட்டார். உண்மையில் அவருக்கு ஏராளமாக வியர்த்திருந்தது. தோலில் நிற்காமல் உடனுக்குடன் காய்ந்துபோனதால் தெரியவில்லை. சட்டையில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்புக்கோடுகள்தான் சாட்சி. கடற்கரையில் புழுக்கம் நம்மை எச்சரித்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் எச்சரிக்கை இல்லாமலேயே உடல் வற்றிவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் வெப்ப அலையை அறிவிக்க ஊருக்கு ஊர் வேறு அளவுகோலையே வைத்திருக்கிறது: சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 என்பவை தொடக்க எல்லைகள்.

ஆகவே, முடிந்தால் பயணத்தை ஆகஸ்டுக்குத் தள்ளிவையுங்கள். இயலாவிட்டால், மேல்மாடி வீட்டைத் தவிர்த்து, கிழக்கு நோக்கிச் சன்னல் உள்ள வீடாகப் பாருங்கள். இங்கே நன்றாக வேலை செய்த ஏர்கூலரை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் அந்தக் கருவி, பானையைப் போலவே அங்கே தோற்றுவிடும், அடைத்த அறையில் புழுக்கத்தையும் கூட்டும். அந்தச் செலவில் பெற்றோர் படுக்கும் அறைக்கு மட்டும் ஒரு சிறிய ஏசி வாங்குங்கள். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை இருவரையும் பகலில் கடைவீதிக்கு அனுப்பாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களாக இருந்தால், தண்ணீரையும் உப்பையும் எந்த அளவில் கொடுப்பது என்று புறப்படும் முன்பே அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.