கல்விச் சட்டங்களும் ஆசிரியர் சங்கங்களும்: எந்தத் தேதி முதல், யாருக்கு?

அணைக்கட்டு ஒன்றியத்தில் புதிதாகப் பணியேற்றுள்ள இடைநிலை ஆசிரியர் ஒருவர், மூத்த ஆசிரியர்கள் தம்மைச் சங்கத்தில் சேரச் சொல்வதாகவும், ஆனால் கல்வி தொடர்பாக எந்தச் சட்டம் வந்தாலும் சங்கங்கள் எதிர்ப்பதாகவே தமக்குத் தோன்றுவதாகவும் குறிப்பிட்டு, அவற்றின் நிலைப்பாடுதான் என்ன என்று கேட்டிருக்கிறார். வேலூர் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சில காலம் சங்கத்தின் வட்டாரப் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் எதிர்க்கிறார்கள் என்பது சரியன்று. 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்தை அடுத்த ஆண்டே புதிய அரசு ஒரு திருத்தத்தின் மூலம் நிறுத்திவைத்தபோது, எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களில் பெரும்பாலோர் மூலச் சட்டத்தின் பக்கமே நின்றோம். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை பிள்ளைகள் பாடநூல் இல்லாமலே பள்ளிக்கு வந்து போனார்கள். நான் பார்த்த வரையில், சங்கங்கள் ஒரு சட்டத்தின் நோக்கத்தோடு மோதுவது அரிது. அது எந்தத் தேதி முதல், யாருக்குப் பொருந்தும் என்ற இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது.

ஆசிரியர் தகுதித் தேர்வு இதற்குத் தெளிவான சான்று. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் நியமனத் தகுதிகளைப் பற்றிய அதன் 23ஆம் பிரிவின்கீழ் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையே தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. அந்தத் தேதிக்கு முன்பு முறையாகப் பணியேற்றவர்களுக்கு அதே அறிவிக்கை விலக்கும் அளித்திருந்ததால், அன்று சங்கங்கள் அமைதியாகவே இருந்தன. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர் மட்டுமே தேறியதும், ஒன்றரை மணி நேரமாக இருந்த தேர்வை மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு நடத்த நேர்ந்ததும் வெளியில் நின்ற பட்டதாரிகளின் துயரமாகவே எங்களுக்குத் தெரிந்தன. வட்டாரக் கூட்டங்களில் அவற்றைப் பற்றி நீண்ட விவாதம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த நிலையை மாற்றியது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், எப்போது பணியேற்றிருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்வின்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடைக்காது என்பது அதன் சாரம். சிறுபான்மைப் பள்ளிகள் குறித்த கேள்வி மட்டும் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. வேலூரிலும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் கிறித்துவ, இசுலாமியச் சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். ஆகவே ஒரே தெருவில் குடியிருந்து ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்தும் இருவரில் ஒருவருக்கு இரண்டாண்டுக் கெடுவும் மற்றவருக்குக் காத்திருப்பும் என்று ஆகியிருக்கிறது.

மாநில அரசே ஒரு சட்டம் இயற்றி விலக்களிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கல்வி 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு முரணாக மாநிலம் இயற்றும் சட்டம் நிலைக்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். எனவே, 23ஆம் பிரிவை நாடாளுமன்றமே திருத்த வேண்டும் என்ற கோரிக்கைதான் சட்டப்படி பொருத்தமானது. இருபது ஆண்டுகள் வகுப்பெடுத்தவரை நூற்றைம்பது கொள்குறி வினாக்களால் அளப்பது எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அதற்கு மாற்றாக ஆசிரியரின் தகுதியை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டால், சங்கங்களிடம் எழுதப்பட்ட திட்டம் எதையும் நான் கண்டதில்லை. இதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

அடுத்தது 243ஆம் எண் அரசாணை. 2023 டிசம்பர் 21 நாளிட்ட இது சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டமன்று. தொடக்கக் கல்விப் பணி விதிகளில் செய்த திருத்தம். அதுவரை ஒன்றிய அளவில் கணக்கிடப்பட்ட பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியதால் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் சென்னை வரை சென்று போராடியது. பதவி உயர்வு பெற வேண்டுமானால் குடும்பத்தை விட்டு எங்கோ ஒரு மாவட்டத்துக்குப் போக நேரும், பெண் ஆசிரியர்கள் பதவி உயர்வையே துறப்பார்கள் என்ற வாதத்தில் உண்மை உண்டு. சொல்லப்படாத மறுபக்கமும் உண்டு. பழைய முறையில் ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுதல் வாங்கி வந்தவர், புதிய ஒன்றியத்தின் பட்டியலில் கடைசியில் போய் உட்கார வேண்டும். திருமணத்துக்குப் பின் பேரணாம்பட்டிலிருந்து காட்பாடிக்கோ கணியம்பாடிக்கோ வந்த ஆசிரியைகள், தமக்கு இளையவர்கள் தலைமையாசிரியர் ஆவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களும் சந்தா கட்டியவர்கள்தாம். அவர்கள் சார்பில் மேடையில் யாரும் பேசியதில்லை.

சங்கத்தின் நிலைப்பாடு ஐயமின்றிச் சரியானது என்று நான் நினைப்பது மாணவர் ஆசிரியர் விகிதத்தில். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளில் இதன் பொருள், ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்வது. ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்றால் ஐந்தும் மற்றவர் தலையில் விழும். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கையை ஊதியத்துக்கான கோரிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. கல்விசாராப் பணிகளைத் தடுக்கும் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் விதிவிலக்கு அளிக்கிறது. மாணவர், பள்ளி விவரங்களுக்கான எமிஸ் இணையதளத்தில் பள்ளிக்குள்ளேயே செய்ய வேண்டிய பதிவேற்றங்களைப் பற்றி அப்பிரிவு பேசுவதே இல்லை. போராட்டங்களால் அந்தச் சுமை ஓரளவு குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனியார் பள்ளிகளுக்கான 2018ஆம் ஆண்டுச் சட்டம், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தபோது, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் அக்கறை காட்டினார்கள். மெட்ரிக் பள்ளிகளில் பணிபுரிவோருக்காகப் பேச எங்கள் பகுதியில் வலுவான சங்கமே இல்லை.

சங்கத்தில் சேருங்கள். ஊதிய நிர்ணயமும் நிலுவையும் தாமதமாகும்போது வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தனி ஆளாக நிற்பது கடினம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். நீங்கள் தகுதித் தேர்வில் தேறிப் பணிக்கு வந்தவர். உங்களைச் சேரச் சொல்லும் மூத்தவர் பெரும்பாலும் அதற்கு முன் வந்தவர். தேர்வில் தேறியவருக்கே பதவி உயர்வு என்ற நிலை நீடித்தால், அவருக்கு முன்பாக உங்கள் பெயர் பட்டியலில் வரக்கூடும். அப்போது சங்கம் யார் பக்கம் நிற்கும் என்று வட்டாரச் செயலாளரிடம் கேளுங்கள். இது பற்றிய மாநில அமைப்பின் தீர்மானம் இருந்தால் அதன் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.