ரயிலிலும் அலுவலகத்திலும் செண்ட் பூசிப் போவதில் நாகரிகம் என்று ஏதாவது உண்டா?

கேட்டவர் கோலாலம்பூரில் தினமும் எல்ஆர்டி நகர ரயிலில் வேலைக்குப் போகிறவர். பக்கத்தில் நிற்பவரின் செண்ட் தலைவலியைக் கிளப்பிவிடுகிறதாம். பூசுகிறவர்கள் என்ன முறை பார்க்க வேண்டும், அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார். நான் இரண்டு பக்கமும் நின்றவள். முதலில் குற்றவாளியாக நின்றேன், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடம் இருக்கும். துபாயிலிருந்து வந்த அண்ணன் ஒரு ஊத் செண்ட் கொடுத்தான். ஊத் என்றால் வேறொன்றுமில்லை, நம் அகில்தான். மலாயில் கஹாரு. பூஞ்சை பிடித்த மரத்தின் உள்ளே ஊறும் பிசின் அது. அந்த மரத்தின் அறிவியல் பெயரிலேயே மலாக்கா இருக்கிறது: அக்விலேரியா மலாக்கென்சிஸ். நம் பக்கத்துக் காட்டு மரம் துபாய் போய்விட்டு பாட்டிலில் திரும்பி வந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (விலையை யோசித்தால் உள்ளே இருந்தது செயற்கை அகிலாகத்தான் இருக்கும்.) கழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடவை, மணிக்கட்டில் ஒரு தடவை, கடைசியாகத் துப்பட்டாவுக்கும் ஒன்று. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, பதினான்காவது மாடிக்கு மின்தூக்கியில் போவேன்.

ஒரு மாதத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த கக் (மலாய்க்கார அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சின்ன விசிறி ஒன்று வாங்கி வைத்தார். அது அவர் முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பியிருந்தது. ஏசி பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவருடைய நாற்காலியும் அரை அடி தள்ளிப் போயிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்கா, பேன்ட்ரியில் மைலோ கலக்கிக்கொண்டே சொன்னார். "நீ வந்துட்டேன்னு லிஃப்ட் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்மா. கக்குக்கு ஆஸ்துமா. உன்கிட்ட சொல்லக் கூச்சப்படறாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மன்னிப்பாவது கேட்டேனா? இல்லை, வாதாடினேன். "என்னக்கா, காலையில அடிச்சது ரயில்லயே போயிடுச்சு. எனக்கே வாசம் தெரியலையே!"

"உனக்குத் தெரியாதுடி," என்றார். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த பாதி அந்த ஒரு பதிலில் இருக்கிறது. மூக்கு ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் சில நிமிடங்களிலேயே அதைக் கணக்கில் சேர்ப்பதை நிறுத்திவிடும். மீன் பொரித்த வீட்டுக்காரருக்கு வாடை தெரியாது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளிக்குத் தெரியும். செண்டும் அப்படித்தான். வாசம் போய்விட்டது என்று மறுபடி அடிக்கிறோம் இல்லையா, உண்மையில் அது போயிருக்காது, நம் மூக்குதான் விலகியிருக்கும். தினம் ஒரே செண்ட் போடுகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். இரண்டு தடவை மூன்றாகும், மூன்று ஐந்தாகும். அதனால் பூசியவரின் மூக்கு இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. வீட்டில் மூக்கு நன்றாக இருக்கும் யாராவது ஒருவரைக் கேட்க வேண்டும். என் வீட்டில் அது என் மகள். அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது.

இன்னொன்று, பாட்டிலில் எழுதியிருப்பதை நாம் யாரும் படிப்பதில்லை. ஓ த துவாலெட் என்றால் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வாசனை எண்ணெய், மீதியில் பெரும்பகுதி ஆல்கஹால். ஓ த பர்ஃபான் என்றால் 15 முதல் 20 சதவீதம். வெறும் பர்ஃபான் அதற்கும் மேலே. முதல் வகையில் நான்கு தடவை அடித்துப் பழகிய கை, அடர்த்தியான வகையை வாங்கிய பிறகும் நான்கு தடவைதான் அடிக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி லேசான வாசனைகள் முதலில் பறந்துவிடும். அகில், சந்தனம், கஸ்தூரி போன்றவை மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். துணியில் பட்டால் மறுநாளும் இருக்கும். என் துப்பட்டா செய்த வேலை அதுதான்.

இதோடு நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 33 டிகிரியில் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்தால் உடம்புச் சூட்டில் செண்ட் நன்றாகக் கிளம்பும். கிளம்புகிற நேரம் பார்த்து, கதவு மூடிய குளிர்ப் பெட்டிக்குள் நாற்பது பேரோடு ஏறி நிற்கிறோம். கழுத்தில் பூசியது, நமக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நிற்பவரின் மூக்குக்கு நேராக இருக்கும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு ஏறுகிற நாரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

தலைவலி வருகிறது என்று சொன்னதை யாராவது "சும்மா பாவனை" என்றால் நம்பாதீர்கள். தமிழில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: நெடி. மிளகாய் தாளிக்கும்போது வருவதை வாசனை என்று யாரும் சொல்வதில்லை. அது மூக்கைக் குத்தும், கண்ணில் நீர் வரவைக்கும். வாசனையை உணர்கிற நரம்பு வேறு, இந்தக் குத்தலை மூளைக்குச் சொல்கிற நரம்பு வேறு. முகத்துக்கான உணர்வு நரம்பு அது, ஒற்றைத் தலைவலியிலும் அதற்குப் பங்கு உண்டு. அளவு கூடினால் விலை உயர்ந்த செண்டும் நெடியாகிவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் இறுகும். பூசியவருக்கு ரோஜாவாக இருப்பது எதிரே நிற்பவருக்குத் தாளிக்கிற மிளகாயாக இருக்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

சரி, இவ்வளவு ஏன் அடிக்கிறோம்? ஆடம்பரம், பகட்டு என்று திட்டுவது சுலபம். என் விஷயத்தில் அது பயம். ஆயா தோட்டத்தில் வளர்ந்தவர், எங்கள் தலையில் நல்லெண்ணெய் வைத்துத்தான் பள்ளிக்கு அனுப்புவார். இடைநிலைப் பள்ளியில் எனக்குப் பின்னால் இருந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு காட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வீட்டுச் சட்டையில் சாம்பிராணி, டிபன் பெட்டியில் கருவாடு, தலையில் எண்ணெய். "நம்மகிட்ட வாடை வருமோ" என்ற நினைப்பு இந்த ஊரில் வளர்ந்த எத்தனையோ பேருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சம்பளம் வந்ததும் முதலில் வாங்குவது செண்ட். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் குரல் தானாக இறங்கும். "உன் செண்ட் அதிகம்" என்பது அவர் காதில் "நீ நாறுகிறாய்" என்றுதான் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கிளம்ப அரை மணி நேரம் முன்பே, குளித்துத் துடைத்த உடம்பில், சட்டைக்குள் மறையும் இடத்தில் ஒரே ஒரு தடவை. துணியில் அடிப்பதில்லை. கை நீட்டும் தூரத்தில் வாசம் தெரியக்கூடாது, கட்டிப்பிடித்தால் தெரியலாம், அதுதான் அளவு. வியர்வைக்கு மேல் செண்ட் அடிப்பதில் பிரயோசனமே இல்லை. இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும். கைப்பையில் ஈரத்தாளும் மாற்று பனியனும் இருந்தால் போதும். ரயிலுக்குள், மின்தூக்கிக்குள், அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி பாட்டிலை வெளியே எடுப்பதே கிடையாது. மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒன்றுமே பூசுவதில்லை. கீமோ எடுக்கிறவர்களுக்கு நமக்குப் பிடித்த வாசனையே குமட்டும். சித்தி வார்டில் இருந்தபோது நேரில் பார்த்தேன். செண்ட் கூட இல்லை, நான் கொண்டுபோன மல்லிகைச் சரம். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மல்லிகை என்றதும் என் ஓரவஞ்சனையையும் ஒப்புக்கொள்கிறேன். கொமுட்டரில் நடுவில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்புப் பெட்டி 2010இலிருந்து இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதற்குள் ஏறினால் பவுடர், தலைக்கு வைத்த எண்ணெய், துடோங் முக்காட்டில் துணி மென்மையாக்கி, யாரோ ஒருவர் பையில் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, எல்லாம் சேர்ந்து ஒரு தனி வாசம். அதில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைச் சரம் வைத்த ஒரு அம்மா வந்து நின்றால் எனக்கு இனிக்கிறது. பக்கத்தில் நின்ற சீனப் பெண் மெல்ல நகர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் கோடாலித் தைலம். மூட்டு வலிக்குப் பூசிக்கொண்டு ஏறும் பாட்டியை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அது மருந்து, விட்டுவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வருகிறவர்களின் அத்தரையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆல்கஹால் இல்லாத எண்ணெய் அது, ஒரு சொட்டு என்றால் உடம்பை ஒட்டியே இருக்கும். ஆனால் ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவில் கடைக்காரர் மாதிரிக்காகப் புறங்கையில் ஐந்து வகை தேய்த்துவிட, அப்படியே எல்ஆர்டி ஏறுகிறவர்கள் மன்னிக்கப்பட மாட்டார்கள். நானும் ஒருமுறை அப்படி ஏறியிருக்கிறேன்.

இந்த ஊர் ஓட்டல் மின்தூக்கிகளில் டுரியான் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருக்கிறார்கள். செண்டுக்கு அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகராட்சி ஊழியர் ஒருவர் சக ஊழியரின் செண்டால் மூச்சுவிட முடியவில்லை என்று வழக்குப் போட்டு, 2010இல் ஒரு லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. செண்ட் பூசி வேலைக்கு வர வேண்டாம் என்று நகராட்சி அறிவிப்பும் ஒட்டியது. நமக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, பேன்ட்ரியில் மைலோ கலக்க ஒரு அக்கா இருந்தால் போதும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். ரயிலில் அந்நியரிடம் சொல்லாதீர்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பினாங்கு பேருந்து மாதிரி ஐந்து மணி நேரம் என்றால் ஓட்டுநரிடம் வேறு இருக்கை கேட்கலாம். கிராப் வாடகைக் காரில் தாராளமாகச் சொல்லலாம். "அங்கிள், எனக்குத் தலை சுற்றுது, கொஞ்சம் கண்ணாடி இறக்கட்டுமா" என்றால் யாரும் கோபித்ததில்லை. காரில் உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விடச் சொன்னாலும் பாதி சரியாகிவிடும். தொங்கவிட்ட வாசனை அட்டையைவிட, பின்கண்ணாடி ஓரம் பழைய டாக்சிக்காரர்கள் வைக்கும் பண்டான் இலைக் கட்டு எவ்வளவோ மேல்.

தினம் பார்க்கும் சக ஊழியர் என்றால் தனியாக, ஒரே ஒருமுறை, குறையை உங்கள் மேல் போட்டுச் சொல்லுங்கள். "எனக்கு மூக்கு கொஞ்சம் மோசம், செண்ட் பட்டால் மைக்ரேன் வந்துடும். நாம ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கற நாள்ல மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குவீங்களா?" இதில் மானம் போக ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போடுவது, மேசையில் சீட்டு ஒட்டுவது, எதிரே வரும்போது மூக்கைப் பொத்துவது, இவை வேண்டவே வேண்டாம். மேலாளரிடம் போவது, சொல்லியும் கேட்காமல் உடம்புக்கு வந்த பிறகு.

போன மாதம் ஓடி வந்து ஏறியதில் சாதாரணப் பெட்டி. ஷா ஆலத்தில் ஒரு பையன் ஏறினான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் கோப்பு, உடம்பு முழுக்க பாடி ஸ்பிரே. நான் மூன்று தும்மல் தும்மினேன். அவன் என்னைப் பார்த்தான், தன் சட்டையைக் குனிந்து முகர்ந்தான். "ரொம்ப அடிக்குதா ஆன்ட்டி?" என்றான். ஆன்ட்டி. சரி, போகட்டும்.

"நேர்காணலா?" என்றேன். தலையாட்டினான். எதன்மேல் அடித்தான் என்று கேட்டேன். பனியன்மேல், அப்புறம் சட்டைமேலும் கொஞ்சம். சென்ட்ரலில் இறங்கியதும் கழிவறையில் பனியனைக் கழற்றிப் பையில் போடச் சொன்னேன், கழுத்தையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன், சட்டையைப் பத்து நிமிடம் வெளிக்காற்றில் நிற்க வைக்கச் சொன்னேன்.

"சட்டைய நான் போட்டிருக்கேனே ஆன்ட்டி."

"நீயும் சேர்ந்து நில்லுப்பா."

நான் வேலை செய்யும் கட்டடத்துக்குள் நுழையும்போது திரும்பிப் பார்த்தேன். வெளியே நடைபாதையில் கையை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துக்கொண்டு, துணி காயப்போட்ட மாதிரி நின்றுகொண்டிருந்தான்.