தோட்டத்துப் பள்ளியிலிருந்து ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு: கேட்டவர்களுக்குப் பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 16 வருடம் பாடம் நடத்தினேன். இப்போது 9 வருடமாக, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். வீடு இன்னும் இதே பட்டணத்தில்தான். வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

டீச்சர், நல்லாத்தானே பாடம் நடத்திட்டிருந்தீங்க, ஏன் போனீங்க?

பயிற்றுப்பணிக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களை எங்கள் பள்ளியில் என் தலையில்தான் கட்டுவார்கள். அப்படி வந்த ஒரு பையன், நாள் பாடத்திட்டத்தை அச்சடித்த மாதிரி எழுதுவான். இரண்டாம் ஆண்டு வகுப்பில் பல்லி, பள்ளி வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு "புரிஞ்சதா?" என்றான். 14 பிள்ளைகளும் "புரிஞ்சது சாஆஆர்" என்று ராகம் இழுத்தார்கள். கடைசி வரிசைப் பெண் நோட்டில் 'பல்லிக்கூடம்' என்று எழுதி அழகாகக் கோடும் போட்டிருந்தாள். அவனிடம் காட்டினேன். "அப்ப எப்படித்தான் டீச்சர் கேக்கணும்?" என்றான். தினமும் நான் செய்கிற வேலை, ஆனால் வாயில் சொல்ல வரவில்லை! சொல்லச் சொல்லி எழுதவைப்பது, பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே வருவது, தப்பாக எழுதியவளையே இரண்டையும் சொல்லவைத்து நாக்கு எங்கே படுகிறது என்று கேட்பது, இதையெல்லாம் பிரித்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. நன்றாகப் பாடம் நடத்துவது வேறு, அதைப் பிரித்துக் காட்டுவது வேறு என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ருசி விடவில்லை, போய்விட்டேன்.

விரிவுரையாளராக முதுகலை கட்டாயமா? சம்பளம் கூடுமா?

முதுகலை வேண்டும். நான் வார இறுதியில் படித்து முடித்தேன், வீட்டில் சமையல் பாடு திண்டாட்டம். சம்பளத்துக்காக மட்டும் வராதீர்கள்.

மகள் எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) முடிச்சிருக்கா, டீச்சராகணும்னு சொல்றா. என்ன வழி அக்கா?

எஸ்பிஎம் தேர்ச்சியோடு ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் தேறினால் ஒரு வருடம் ஆயத்தப் படிப்பு, அப்புறம் 4 வருடம் இளங்கலை. நாடு முழுக்கக் கழகத்துக்கு 27 வளாகங்கள் இருக்கின்றன, தமிழ்ப் பிரிவு எல்லாவற்றிலும் கிடையாது, சுங்கைப்பட்டாணியில் உண்டு. இன்னொரு வழி தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம். 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமானது. நேர்காணலுக்குப் பாடமாக்கிய பதிலோடு அனுப்பாதீர்கள், உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடும்.

2021இல் யூபிஎஸ்ஆரை (ஆறாம் ஆண்டில் எழுதும் அரசுத் தேர்வு) எடுத்துட்டாங்களே, உங்க வேலை சுலபமாச்சா?

எங்கே! என்னிடம் படிப்பவர்களில் பெரும்பாலோர் யூபிஎஸ்ஆருக்குப் பழைய கேள்வித்தாளாகச் செய்து செய்து வளர்ந்தவர்கள். வகுப்புசார் மதிப்பீடு, அதாவது ஆசிரியரே வகுப்பில் பிள்ளைகளைக் கவனித்து மதிப்பிடுவது, என்றால் அவர்கள் கை தானாகக் கேள்வித்தாள் தயாரிக்கப் போகிறது. அதை மறக்கவைக்கத்தான் நேரம் போகிறது.

டீச்சர், அடுத்த வாரம் எனக்குப் பயிற்றுப்பணி. தோட்டத்துச் சின்னப் பள்ளி, மொத்தமே முப்பது பிள்ளைங்க. பயமா இருக்கு.

150 பேருக்குக் கீழே இருந்தாலே குறைமாணவர் பள்ளி, உன்னுடையது இன்னும் சின்னது. சனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், செம்பனை மட்டும் நிற்கிறது. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை, ஒரு பிள்ளையும் உன் கண்ணுக்குத் தப்பாது. விரிவுரையாளர் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவரைப் பார்க்காதே, அவரும் பாதி நேரம் பிள்ளைகளின் நோட்டைத்தான் பார்ப்பார். அப்புறம், பென்சில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வை. திங்கட்கிழமை காலையில் பாதிப் பேரிடம் இருக்காது.