டொமைன் யாருடைய பேரில் இருக்கிறது? – நுகர்வோர் கேள்வி பதில்

கேள்வி: மருதமுனையில் இரண்டு தறி வைத்து சாரியும் சாரனும் நெய்கிறோம். கல்முனையில் ஒரு தம்பி, டொமைன் (வெப்சைட்டின் பெயர்), ஹோஸ்டிங் (அதை இணையத்தில் வைக்கும் இடம்) எல்லாம் சேர்த்து 85,000 ரூபாவுக்கு வெப்சைட் செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இரண்டு தறியில் இறங்கும் துணியை விற்க இப்போதைக்கு வெப்சைட் வேண்டாம். வட்ஸ்அப் பிஸ்னஸ் காசில்லாத ஆப். அதன் கட்டலொக்கில் 500 பொருள் வரை போடலாம். வீட்டு நம்பரில் தொடங்காமல் தனி சிம் ஒன்று எடுங்கள். ஒவ்வொரு சாரிக்கும் கீழே நீளம், பிளவுஸ் துண்டு உண்டா, சாயம் போகுமா, கூரியர் கூலி எவ்வளவு என்று நாலு வரி எழுதிவிட்டால் பாதிக் கேள்வி குறையும்.

செலவழிக்க வேண்டியது படத்துக்கு. அதற்கும் காசு வேண்டாம், நேரம்தான். டியூப் லைட்டின் கீழ் எடுத்த மயில் பச்சை, கையில் கிடைக்கும்போது வேறு பச்சை. பார்சல் திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூரியர் கூலியும் உங்கள் தலையில். காலையில் யன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில் சாரியை விரியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வையுங்கள். பிறகு போனிலேயே அந்தத் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்தி, தாளை வெட்டிவிடுங்கள். முழுச் சாரி ஒன்று, முந்தானை ஒன்று, கரையைக் கிட்ட வைத்து ஒன்று: மூன்று படம் போதும்.

ஓடர் பெருகி வெப்சைட் தேவைப்படும் நாளில், அந்த 85,000ஐ டொமைன், ஹோஸ்டிங், வேலைக் கூலி, பராமரிப்பு என்று நாலாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் முதல் வருடம் கழிவு விலையில் வரும், இரண்டாம் வருடம் பல மடங்காக ஏறுவது வழமை. ஆகவே இரண்டாம் வருட விலையையும் எழுத்தில் வாங்குங்கள். வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸும் அதில் கடை நடத்தும் வூகொமர்ஸும் இலவசம். சைட்டுக்குப் போய்வரும் தகவலைப் பூட்டிக் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவை வழியாகச் சும்மா கிடைக்கும். அதற்குத் தனியாகப் பில் போட்டால் ஏன் என்று கேளுங்கள். “விலை கூடின தீம் ஒன்றைச் சும்மா போட்டுத் தாறன்” என்றால், சைட்டின் தோற்றத்தைத் தரும் அந்தத் தீம் பெரும்பாலும் களவுப் பிரதி. அப்டேட் வராது, வெளியாள் நுழையப் பின்கதவு வைத்த புரோகிராமும் உள்ளே இருக்கலாம். காசை மூன்றாகப் பிரியுங்கள்: தொடக்கத்தில் 30 வீதம், பரீட்சார்த்த முகவரியில் வேலை தெரியும்போது 40, எல்லாக் கணக்கும் உங்கள் கைக்கு வந்தபின் மிச்சம்.

கேள்வி: காத்தான்குடியில் எங்கள் கடைக்கு வெப்சைட் செய்து தந்தவர் கட்டார் போய்விட்டார். டொமைன் அவருடைய கணக்கில். போன வாரம் காலாவதியாகி, சைட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அவரைப் பிடியுங்கள், சண்டை பிறகு. டொட் கொம் டொமைன் காலாவதியான உடனே போய்விடாது. சில நாள் சலுகைக் காலம் உண்டு, அதன் நீளம் டொமைன் பதியும் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. அதற்குள் சாதாரணக் கட்டணம் கட்டிப் புதுப்பிக்கலாம். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம்; அப்போது தண்டம் கனக்கும். அதுவும் முடிந்தால் சில நாளில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஹூஇஸ் (WHOIS) என்ற இணையத் தேடலில் டொமைனைப் போட்டால் எந்தக் கொம்பனியில் பதிவு, எந்தத் தேதியில் முடிவு என்று தெரியும்.

அவர் புதுப்பித்ததும், அதே கொம்பனியில் நீங்கள் ஒரு கணக்குத் திறந்து, டொமைனை அந்தக் கணக்குக்குத் தள்ளிவிடச் சொல்லுங்கள். பல கொம்பனிகளில் இதற்குக் காசில்லை. வேறு கொம்பனிக்கு மாற்றப் போனால் இரகசியக் குறியீடு வேண்டும். அது பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கோ கணக்குக்குள்ளேயோ வரும், அதாவது அவருக்கு. புதிதாகப் பதிந்தோ மாற்றியோ 60 நாள் ஆகாவிட்டால் மாற்றத்தைத் தடுக்கும் பூட்டும் குறுக்கே நிற்கும்.

ஹோஸ்டிங்கிலிருந்து பிரதி எடுக்கும்போது கோப்புகளை மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள். பொருட்களின் விலை, விபரம், ஓடர் எல்லாம் இருப்பது டேட்டாபேஸில். அது இல்லாமல் வருவது படங்களும் வெறும் கூடும்தான்.

கேள்வி: களுவாஞ்சிகுடியில் தேன், கஜு பொதி செய்து விற்கிறோம். ஃபைவரில் (இணையத்தில் ஆள் பிடித்து வேலை செய்விக்கும் தளம்) 10 டொலருக்கு லோகோவும் லேபிளும் செய்விக்கலாமா?

பதில்: செய்விக்கலாம், ஆனால் கடைசியில் 10 டொலராக நிற்காது. சேவைக் கட்டணம் சேரும், வங்கியின் டொலர் விலையும் சேரும். வேலையை ஒப்படைத்தபின் நீங்கள் மூன்று நாள் பேசாமல் இருந்தால் ஓடர் தானாக முடிந்ததாகிவிடும். பிழை இருந்தால் அதற்குள் திருத்தம் கேளுங்கள்.

கூடுதலாகச் சிக்குவது தமிழ் எழுத்து. தமிழ் தெரியாதவரின் சொஃப்ட்வெயாரில் ‘கொ’வின் கொம்பு இடம் மாறும், துணைக்கால் தனியாக நிற்கும். சொற்களை யூனிகோடில் (போனில் சாதாரணமாகத் தட்டும் தமிழ்) அனுப்புங்கள், எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு படமும் அனுப்புங்கள். நம்மூர் அச்சகத்தில் செய்வித்தால் சிக்கல் வேறு: அங்கே இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ஓடுகிறது. லேபிளில் அழகாக அச்சாகும். அதே எழுத்தைப் பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஜேபெக் படம் மட்டும் போதாது, பெருப்பித்தாலும் உடையாத எஸ்விஜி அல்லது ஏஐ (இலஸ்ட்ரேட்டர்) மூலக் கோப்பையும் ஓடரிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பெனர் அடிக்கும்போது லோகோ உடைந்து தெரியும்.

கேள்வி: அக்கரைப்பற்றில் எங்கள் கடைப் பேஸ்புக் பக்கத்தைப் பார்க்கப் பிள்ளை ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைக்கிறோம். பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பேஸ்புக்கின் மெட்டா பிஸ்னஸ் சூட்டில் அவருடைய சொந்தக் கணக்குக்கு, பதிவு போடவும் மெசேஜுக்குப் பதில் எழுதவும் மட்டும் அனுமதி கொடுங்கள். முழு அதிகாரம் உங்களிடமும் வீட்டில் இன்னொருவரிடமும் இருக்கட்டும். வட்ஸ்அப்பை அவருடைய கொம்பியூட்டரில் இணைக்கலாம், ஆனால் எல்லா உரையாடலும் அவருக்குத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை அவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். வேலையை விட்டுப் போகிற அன்றே, வட்ஸ்அப்பின் இணைத்த சாதனங்கள் பட்டியலில் அவருடைய கொம்பியூட்டரைத் தொட்டு லொக் அவுட் செய்துவிடுங்கள்.