பலகையின் விளிம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடலும் காற்றும் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 36 வயது. மூன்று ஆண்டுகளாக விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ராமேஸ்வரம் போய் கைட்சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்குவது, பழகுகிறேன். காற்றை எதிர்த்து ஏறி வரவும், பட்டத்தை உச்சிக்குத் தூக்கிக் குதிக்கவும் வருகிறது. தென்மேற்குக் காற்று வீசும் இந்தக் கச்சான் காலத்தில் ரெய்லி என்ற வித்தையைக் கற்றே தீருவது என்று இறங்கினேன். எத்தனையோ முறை முயன்றுவிட்டேன், உடம்பு நீளவே இல்லை. ஊஞ்சலில் தொங்குவதுபோலத் தொங்கிவிட்டு முகம் குப்புற விழுகிறேன். பயத்தில் பட்டத்தை மேலே கொண்டுபோய்விடுகிறேன். கிளம்பும் கடைசி நொடியில் கால் தானாகத் தளர்ந்துவிடுகிறது. கரையிலிருந்து மகள் எடுத்த வீடியோக்களில் நான் விழுவது மட்டும்தான் இருக்கிறது. ‘வெறும் ஸ்டைலுக்காக எதுக்கும்மா இவ்வளவு அடி வாங்குற’ என்று கேட்கிறாள். வயதும் ஒரு காரணமா?

எம்., மதுரை

*

அன்புள்ள எம்.,

உங்கள் சிக்கலுக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசி நொடியில் கால் தளர்ந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ரெய்லி என்னவென்று சொல்லிவிடுகிறேன். பொதுவாகப் பட்டத்தின் இழுவையை இடுப்பில் கட்டிய ஹார்னஸின் கொக்கி வாங்கிக்கொள்ளும். ரெய்லிக்கு அந்தக் கொக்கியிலிருந்து பாரை, அதாவது பட்டத்தின் கயிறுகள் வந்து சேரும் கைப்பிடித் தண்டை, விடுவித்து, மொத்த இழுவையையும் இரண்டு கைகளில் வாங்குகிறோம். நீரிலிருந்து துள்ளியதும் விரல் நுனி தொடங்கிப் பாதம் வரை உடம்பு ஒரே கோடாக நீள்கிறது. காலில் மாட்டிய பலகை முதுகுக்குப் பின்னால் எழும்பித் தலைக்கும் மேலே போகிறது. வேக்போர்டிலிருந்து வந்த வித்தை இது. அங்கே படகு இழுக்கும், இங்கே காற்று.

நீங்கள் இதுவரை பழகிய குதிப்பில் தூக்குவது பட்டம். அதை உச்சிக்கு அனுப்பினால் போதும், கிரேன்போலத் தூக்கிவிடும். ரெய்லியில் பட்டம் தூக்குவதில்லை. கடிகார முகத்தில் பத்தரை மணி இருக்கும் இடத்தில், எதிர்ப்பக்கம் போகிறீர்கள் என்றால் ஒன்றரை மணி இடத்தில், அது அசையாமல் நிற்க வேண்டும். கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் முழு மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கத்தின் கால்பிடி மொத்தமாக விட்டுப்போனால் அந்த ஆள் எப்படிப் பறப்பார்? பட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, பலகையின் விளிம்பை நீருக்குள் அழுத்தி நீங்கள் மறுபக்கம் இழுக்கிறீர்கள். முதலில் பலகையைக் காற்றுப்போக்கில் கொஞ்சம் திருப்பி வேகம் எடுங்கள். பிறகு சீராகக் காற்றுக்கு எதிராகத் திருப்பிக்கொண்டே விளிம்பை மேலும் மேலும் அழுத்துங்கள். கயிறுகள் விண்ணென்று ஒலிக்கும். இனித் தாங்காது என்று தோன்றும் இடத்தில் பின்காலால் நீரை உதைத்துக் கிளம்ப வேண்டும். அந்த இடத்துக்கு அரை நொடி முன்பே காலைத் தளர்த்தினால், ஏற்றிய நாணை மெல்ல இறக்கிவிட்டு அம்பை விடுவதுபோல ஆகிவிடும். அதோடு பட்டமும் உச்சியில் நின்றால் அது உங்களை முன்னால் இழுக்காது, மேலே இழுக்கும். அதனால்தான் ஊஞ்சல்.

ஸ்டைலைப் பற்றி உங்கள் மகள் கேட்டதற்கும் என் பதில் இதுதான். அவள் கரையிலிருந்து பார்க்கும் அந்த நீட்சி, மேலே போனபிறகு ஒட்டவைக்கும் அலங்காரம் இல்லை. நீரில் கால் கொடுத்த எதிர்ப்பு அப்படியே கண்ணுக்குத் தெரிவதுதான் அது. எதிர்ப்பில்லாமல் கிளம்பியவர் முதுகை எவ்வளவு வளைத்தாலும் அது வராது. போட்டிகளிலும் பட்டத்தைத் தாழ்வாக வைத்துச் செய்யும் வித்தைக்குத்தான் மதிப்பு கூடுதல். 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து முறை, குதித்து வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல் பிரிவில் உலகப் பட்டம் வென்ற இங்கிலாந்துக்காரர் ஆரன் ஹாட்லோ அப்படித் தாழ்வாகவும் முழு விசையோடும் ஆடியவர். இந்த அழகுக்காக அடி வாங்கலாம் என்றே நான் நினைக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன்.

வயதைக் கேட்டிருந்தீர்கள். பிரேசிலின் புரூனா கஜியா 2009இல் உலகப் பட்டம் வென்றார். அடுத்து 2016இலும் 2017இலும் மறுபடி வென்றார், அப்போது முப்பதை ஒட்டிய வயது. நீங்களோ ரெய்லியோடு நிற்கப்போகிறீர்கள், பாரை முதுகுக்குப் பின்னால் கை மாற்றும் வித்தைகளுக்குப் போகவில்லை. 36 தாராளமாகப் போதும். ஆனால் தோள்பட்டை பத்திரம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கொக்கியை விடுவித்ததும் பாரைத் தள்ளி இழுவையைக் குறைக்கும் வசதி போய்விடுகிறது. பட்டம் எப்போதும் முழுதாக இழுத்துப் பிடித்த நிலையிலேயே இருக்கும். ட்ரிம், அதாவது பட்டத்தின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் வார், சரியாக இல்லையென்றால் அது பின்னோக்கிச் சரிந்து, கயிறு தொய்ந்து, திடீரென்று மறுபடி காற்றைப் பிடிக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. கைகளை மடக்கி வைத்திருந்த நேரத்தில் அந்த இழுப்பு வந்தது. மூன்று வாரம் வலது கையால் தலை சீவ முடியவில்லை. மீனவக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் பயிற்சி தரவந்த ஒரு தம்பி கரையில் என் பாரை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணே, கொக்கில இருக்கும்போதே பாரை வயித்துவரைக்கும் இழுத்து அஞ்சு எண்ணுங்க. பட்டம் பின்னால போச்சுன்னா ட்ரிம்மை இன்னும் இழுங்க. நிக்குதுன்னா மட்டும் கழட்டுங்க.” அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஐந்து எண்ணிவிட்டுத்தான் கழற்றுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கைகள் நேராக இருக்கட்டும். பாரைக் கைவிட்டால் பட்டம் ஒற்றைக் கயிற்றில் தொங்கி விசையிழக்கும்படி, உங்களையும் பட்டத்தையும் இணைக்கும் லீஷ் கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டும் மார்புக்கவசமும் இல்லாமல் வேண்டாம்.

முகம் குப்புற விழுவதற்கு இன்னொரு காரணம் இறங்கும் விதம். உடம்பு முழுதாக நீண்டதும் பாரை இடுப்பை நோக்கி இழுங்கள், முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவாருங்கள். பலகையின் மூக்கு காற்றுப்போக்கைப் பார்த்தபடி இறங்க வேண்டும். குறுக்கே இறங்கினால் முன்விளிம்பு நீரில் மாட்டிக்கொள்ளும், மிச்சத்தை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள்.

காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காற்றின் வேகம் 12 நாட்டிலிருந்து (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) 24 நாட் ஆனால் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. கச்சான் குத்திக் குத்தி வீசும் மத்தியானங்களில் இதைப் பழக வேண்டாம். 15 முதல் 20 நாட்டுக்குள் சீராக வீசும் நாள் நல்லது. கச்சானில் வடகடல் பக்கம் தீவின் மறைவில் நீர் அலையில்லாமல் கிடக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. பட்டம் விழுந்து எழவில்லை என்றால் அது உங்களை வெளியே தள்ளிக்கொண்டே போகும். மீட்புப் படகு இல்லாமல் அங்கே இறங்காதீர்கள்.

அடுத்த முறை போகும்போது முதல் இரண்டு நாள் கொக்கியைக் கழற்றவே வேண்டாம். பட்டத்தைப் பத்தரையில் நிறுத்தி, அதை அசைக்காமல் விளிம்பால் மட்டும் துள்ளிப் பழகுங்கள். ஒரு சாண் உயரம் எழும்பினாலும் சரிதான். மகளிடம் இந்த முறை உங்களைப் படம்பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பலகைக்குப் பின்னால் விசிறிபோல எழும் நீர்த்தெறிப்பை மட்டும் எடுக்கட்டும். அது கிளம்பும் நொடிவரை தடித்துக்கொண்டே வந்து சட்டென்று அறுந்தால் கால் நின்றிருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே மெலிந்தால் தளர்த்திவிட்டீர்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சின்னப் பெண்ணுக்கும் தெரியும். அந்த வீடியோவை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.