பயற்றைக் கன்றும் நுண்சத்தும்: கேள்வி பதில் (கேட்டவர்கள் ஊர்ப்பெயரில்)

நிலாவெளி: முளைச்சு மூன்று கிழமை. குருத்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை வலைபோலத் தெரியுது. யூரியா போடவா?

பதில்: வேண்டாம். யூரியா போதாவிட்டால் அடியிலைதான் முதலில் வெளுக்கும். இது இரும்புக் குறை. சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலில் காரத்தன்மை கூட. இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாது. பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பை மண்ணில் கொட்டினாலும் துருவாகிப் போகும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு அந்த உப்பு 5 கிராம், அதோடு சிற்றிக் அமிலம் 1 கிராம் கரைத்து, உடனேயே பின்னேர வேளையில் இலைக்குத் தெளியுங்கள். முதலில் இரண்டு கன்றில் பார்த்துவிட்டு மற்றதுக்கு. தராசில் நிறுங்கள், கரண்டியால் அள்ளாதீர்கள்.

கிண்ணியா: டீ.எஸ்.பி. (பொஸ்பரஸ் உரம்) அள்ளிப் போட்டன். புது இலை சிறுத்துப் போச்சு.

பதில்: பொஸ்பரஸ் மிஞ்சினால் செடிக்கு சிங்க் (துத்தநாகம்) குறையும். லீற்றருக்கு சிங்க் சல்பேட் 5 கிராம், நீற்றின சுண்ணாம்பு 2.5 கிராம், வடித்துத் தெளியுங்கள். சுண்ணாம்பை விட்டால் இலை கருகும்.

மூதூர்: வேர்முடிச்சு இருக்கு, செடி வெளிறல். மொலிப்டினம் வேணுமா?

பதில்: முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பென்றால் முடிச்சு காற்றின் நைதரசனைப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது, வேறு காரணம் தேடுங்கள். வெள்ளையென்றால் மண்ணின் புளிப்பைச் சோதியுங்கள். புளிப்பு மண்ணில் சுண்ணாம்பிட்டாலே, முடிச்சுக்குத் தேவையான மொலிப்டினம் கிடைக்கும்.

தம்பலகாமம்: பூ நிற்க, கரம் போர்ட்டுக்குப் போடுற போரிக் பவுடர் ஒரு கரண்டி அடியில போடலாமாம்?

பதில்: போடாதீர்கள்! அதில் இருப்பது போரோன் என்ற நுண்சத்து. பயற்றை போன்ற அவரை இனத்துக்கு அது துளி மிஞ்சினாலும் நஞ்சு.

தம்பலகாமம்: பப்பாசிக்குப் போடுறம்தானே?

பதில்: பப்பாசிக்கு அது வேணும், தம்பி. போரோன் நிறையக் கேட்கும் பயிருக்கே சதுர மீற்றருக்கு 0.1 கிராம் அளவில்தான் கொடுப்பது. போரிக் பவுடரில் 17 சதவீதம் போரோன். ஒரு தேக்கரண்டி, 4 கிராம் என்றால், ஏறக்குறைய 7 சதுர மீற்றருக்குக் காணும். அதை ஒரு கன்றின் காலடியில் கொட்டினால்?

கன்னியா: பப்பாசிக்காரர் சொல்றது சரி. என்ர அம்மான் போட்டவர், நல்லாக் காய்ச்சது.

பதில்: அம்மான் எத்தனை கிராம் போட்டவர்? மண் மணலா, களியா? அது தெரியாமல் பேசிப் பயனில்லை.

ஆறாம் கட்டை: குருத்து மஞ்சள், நரம்பு பச்சை...

பதில்: முதல் பதில்.

உப்புவெளி: போரோன் ஒன்றும் போடேல்ல. ஆனா கீழிலை ஓரம் மஞ்சளாகிக் கருகுது. கிணறு கொஞ்சம் கரிப்பு.

பதில்: கிணற்றில் கடல்நீர் கலந்தால் போரோன் அதாலேயே வரும். கடல்நீரில் லீற்றருக்கு 4.5 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. அவரைக்கு 1 மில்லிகிராமே தொல்லை. உப்பும் அதே இலையோரத்தைத்தான் கருக்கும். எதுவானாலும் நல்ல தண்ணீரால் நிறைய நனைத்து மண்ணைக் கழுவுங்கள், மணலென்றால் கெதியில் இறங்கும். கருகின இலை பச்சையாகாது. புது இலையைப் பாருங்கள்.